குவானோசின் இல்லாத கைப்பிரதிகள்

உயிரின் ஆதி இரகசியத்தை அறிந்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களில் ஒருவர், 1999ஆம் ஆண்டு, பொகவந்தலாவையில், உயர்தர உயிரியல் வகுப்பின் முன்னால், காலுக்கொரு நிறமாகக் காலுறை போட்டுக்கொண்டு நின்றார்.

நடராசா சேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடம். அவருடைய குறிப்புகளுக்கு மஸ்கெலியா வரை பெயர். மனைவி பூரணம் இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து நேற்றுத்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தார்.

"சில ஆர்.என்.ஏ. இருக்கு, பிள்ளையள். தன்னைத் தானே வெட்டும். நடுவிலை உள்ள வேண்டாத துண்டை எறிஞ்சுபோட்டு, மிச்ச ரெண்டு நுனியையும் தானே ஒட்டும். நொதியம் வேண்டாம். ஆரின்ரை உதவியும் வேண்டாம்!"

கடைசி வாக்கியத்தில் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கொழும்புக்குத் தன்னோடு வந்துவிடும்படி கேட்டிருந்த மகள் யசோதினிக்கும் காலையில் அதையேதான் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தபாலில் போடுவதுதான் பாக்கி.

"எங்க தோட்டத்துல வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா வராம ஒரு செடியக்கூட வெட்ட முடியாதே சேர்!" என்றான் பின்வரிசைச் சோலைமலை. வகுப்பு சிரித்தது.

"அதுதானடா அதிசயம்."

பிரியந்தி எழுந்தாள். கையில் அவள் அண்ணன் படித்த, ரோனியோவில் அச்சடித்த பழைய குறிப்புத் தாள். "சேர், இதுல வேற மாதிரி இருக்குங்க. குவானோசின்னு ஒரு சின்ன மூலக்கூறு வந்து சேந்தாத்தான் வெட்டவே ஆரம்பிக்குமாம். கடைசியில எறியுற துண்டோட ஒட்டிக்கிட்டு அதுவும் போயிருமாம். நீங்க எழுதுனதுதானே சேர்?"

"ஓம், நான்தான். கவனிக்கிறியளோ எண்டு சோதிச்சனான்."

தாளை வாங்கிப் பார்த்தார். சாய்ந்த சிறு எழுத்து, பூரணத்தின் கை. வருடாவருடம் அவர் கொடுக்கும் கைப்பிரதியைப் பார்த்து ஸ்டென்சிலில் எழுதுவது அவள் வேலை. "சும்மா படி எடுக்கிறதுதானே" என்பார். அவளும் தன்னைப்போல அதே உயிரியல் பட்டம் படித்தவள் என்பதை அவர் இந்த ஊரில் எவரிடமும் சொன்னதில்லை.

பள்ளி விட்டதும் குவாட்டர்ஸுக்கு வந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்தார். அவர் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு கைப்பிரதிகளையும் அவள் வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். முடிச்சு விரலுக்கு அவிழவில்லை; பல்லால் கடித்து அறுத்தார். கட்டிலில் பரப்பி, பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடினார். குனியும்போதெல்லாம் சட்டைப்பைக் கடிதம் நெஞ்சில் குத்தியது. அடுப்பில் தண்ணீர் வற்றி, கேத்தல் கருகும் மணம் வந்தது.

பன்னிரண்டிலும் 'எவரின் உதவியும் வேண்டியதில்லை' என்றிருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தார். குவானோசின் ஒன்றிலும் இல்லை.