தாராக் காவல்

ஆனையிறவுச் சண்டை நடந்த வருடம். விதைநெல்லுக்கு அலைந்ததில் ஞானாம்பிகையின் விதைப்பு பிந்திவிட்டது. கைம்பெண்ணுக்கு அந்த ஒரு துண்டு வயல்தான் வருடச் சோறு. சரசாலையில் மற்றவர்களின் நெல் முழங்காலுக்கு நிற்க, அவளுடையது அப்போதுதான் பச்சை காட்டியது. வயலுக்கு அப்பால் புல் தரவை, அதற்கு அப்பால் கடல்நீரேரி. கார்த்திகை பிறந்ததும் வடக்கேயிருந்து தாராக்கள், காட்டு வாத்துகள், வந்து இறங்கின. இளம்பயிரில் விழுந்தால் வழித்துத் துடைத்துவிடும் என்று ஊர் பயமுறுத்தியது.

கூலிக்காரர் இளையதம்பியைக் காவலுக்குக் கூப்பிட்டாள்.

"முந்தியெண்டால் ஒரு வெடி காணும், அண்ணை. துவக்கெல்லாம் இயக்கப் பெடியள் வாங்கிக்கொண்டு போட்டாங்கள். சீனவெடி கொளுத்தினால் சனம் பங்கருக்குள்ளை ஓடும். நீங்கள் தகரத்தைத் தட்டுங்கோ."

"ஓம் பிள்ளை. ஒரு தாரா கால் வைக்காது."

வைக்கவும் இல்லை. வானத்தில் ஒரு கீறு தெரியும், அது நூலாகும், நூல் அறுந்து தண்ணீரில் கொட்டும். பிறேக் இல்லாத சைக்கிள்காரன் காலை ஊன்றி நிறுத்துவதுபோல ஒவ்வொன்றும் காலை முன்னே நீட்டிச் சறுக்கி நின்றது. இளையதம்பிக்குத் தனியே சிரிப்பு வந்தது. இன்னும் கிட்டப் பார்க்கவேண்டும் போலிருந்தது. தகரத்தை வரம்பில் வைத்துவிட்டுத் தரவைக்குள் நடந்தார்.

திரும்பி வந்தபோது வேலியில் விழுந்திருந்த பொட்டால் புகுந்த, அயலவர் இராசநாயகத்தாரின் மாடுகள் பாதி வயலை மேய்ந்திருந்தன. கல்லெறிந்து கலைத்து முடிய, சோற்றுப் பார்சலோடு ஞானாம்பிகை வந்தாள்.

"தாரா, பிள்ளை. பெருங்கூட்டம். தட்டத் தட்டக் கேக்கேல்லை."

அவள் வரம்பால் இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

"இந்த வருசம் தாராவுக்குக் குளம்பு முளைச்சிருக்கு," என்றாள். "சாணியும் போடுது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ பார்சலை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ. தட்டித் தட்டிக் கை உளைஞ்சிருக்கும்."

அவர் சோற்றில் கை வைக்கவில்லை. ஒரு பயிரும் தொடாத சீவன்களின் தலையில் பழியைப் போட்ட வாயால் எப்படித் தின்பது?

"ஆற்றை மாடு, அண்ணை?"

"இராசநாயகத்தாற்றை."

"வந்து சொல்லுவியளோ? நான் தனியப் போனால் அந்தாள் ஒத்துக்கொள்ளாது."

தலையாட்டினார்.

இராசநாயகத்தார் படலையிலேயே மறித்தார். "என்ரை மாடெண்டு ஆர் கண்டது?"

"நான் கண்டனான். நான்தான் கலைச்சனான்."

"பாதி வயலைத் தின்னுமட்டும் காவல்காரர் எங்கை நிண்டவர்?"

வயிற்றுவலி என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. பக்கத்தில் ஞானாம்பிகை நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"தரவைக்குள்ளை."

"அங்கை என்ன அலுவல்?"

"தாரா பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பிடிக்கவோ?"

"இல்லை. சும்மா பாக்க."

இராசநாயகத்தார் வீட்டுப்பக்கம் திரும்பினார். "இஞ்சை கேட்டியே பூரணம், தாரா கலைக்கப் போன ஆள் தாராவிலை மயங்கிப்போச்சாம்." உள்ளே பெண்கள் சிரித்தார்கள். கிணற்றடியிலும் சிரிப்பு எழுந்தது. இளையதம்பி தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சிரித்து முடியும்வரை நின்றார்.

"சரி பிள்ளை. உந்த மனிசன் பொய் சொல்லேல்லை. பொய்யெண்டால் இதைவிட நல்லதாச் சொல்லியிருக்கும். அறுப்பிலை ரெண்டு மூட்டை நெல் தாறன்."

மறுநாள் விடிய வயலுக்குப் போகையில் ஒழுங்கைக்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

"தாராக்காரர், காவலுக்கோ?"

இளையதம்பி நிமிராமலே, "ஓம்," என்றார்.