ஒரு டின் அரிசி

“முன்னூத்திப் பத்துதான் காட்டுது தம்பி.”

“ஐநூறுக்கா. டின்லயே போட்டிருக்கு பாருங்க.”

“அது கெட்டிப்பாலோட எடை லா! அரிசியும் பாலும் ஒண்ணா? பஞ்ச நெறச்சு வச்சாலும் ஐநூறுன்னுதான் சொல்லுவியா?”

சுலைஹா சிரித்தார். பக்கத்து வீட்டில் கேக் செய்து விற்பவர். சிவநேசன் கேட்டாரே என்று தராசைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சிவநேசன் சிரிக்கவில்லை. தராசை அணைத்துத் திரும்பப் போட்டார். டின்னில் தலைதட்டி அளந்த அரிசியை மறுபடி கொட்டினார். எண் மாறவில்லை.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பால் டின்தான் அவர் வீட்டு அளவை. எடை என்ன என்று யாரும் கேட்டதில்லை. போன வாரம் மகள் காமினிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகுதான் கேட்டார்கள். அரிசியைக் கிராமில் கணக்குப் பண்ணுங்கள், அதற்குத் தக்கபடி ஊசி போடட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து ரொட்டியே தின்று சலித்தவள், இன்று சோறு வேண்டும் என்றாள். தராசு வரும்வரை பொறுக்க அவருக்கு மனமில்லை. ஒரு டின் போட்டு ஆக்கி, நாலில் ஒரு பங்கை அவள் தட்டில் வைத்தார்.

“ஐநூறுல கால் பங்கு, நூத்தி இருபத்தஞ்சுப்பா,” என்று சொல்லிக்கொண்டே அவள்தான் ஊசியில் மருந்தின் அளவைத் திருகிக் குத்திக்கொண்டாள். தின்றுவிட்டு டியூஷனுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

“அக்கா, சோறு கம்மி. மருந்து கூட.” அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

சுலைஹாவின் முகம் மாறியது. “கூடுனா என்னாகும்?”

கை நடுங்கும், வேர்க்கும், நாக்குக் குழறும். அதற்குமேல் ஆஸ்பத்திரித் தாதி சொன்னதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. உடனே இனிப்பு கொடுத்தால் போதும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அதற்காக வாங்கிய இனிப்புப் பானப் பொட்டலம் மேசைமேல், தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. காமினி அதை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

காமினிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. சன்னலுக்கு வெளியே வெயில் ஒன்றும் நடக்காததுபோல் காய்ந்தது. கீழே ஒரு பஸ் நின்று, மூச்சு விட்டு, நகர்ந்தது. அவள் போன பஸ் எங்கோ இதேபோல் நின்று நின்று போய்க்கொண்டிருக்கும்.

“தம்பி, நான் கீழ போய் கிராப் டாக்சி கூப்பிடறேன். நீ விடாத, அடி.” சுலைஹா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

மூன்றாம் முறை எடுத்தாள்.

“காமினி! எங்கம்மா இருக்க?”

“பஸ்லப்பா…” இழுத்தாள். “ஜில்லுனு இருக்கு… வேர்க்குது… எந்த ஸ்டாப்புன்னு தெரியல…”

“தூங்காத கண்ணு. இனிப்பு ஏதாச்சும் வச்சிருக்கியா?”

எஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. யாரோ மலாயில் பேசினார்கள், சிரித்தார்கள். போன் எதன்மேலோ உரசிச் சரிந்தது.

“காமினி, பக்கத்துல யாரு இருந்தாலும் சரி, போன அவங்க கையில குடும்மா. குடும்மா…”