மூன்றாவது நொதியின் இடம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த இன்பவல்லி சொன்னது. அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் பாக்டீரியாவின் நொதிகளுக்குக் குடுவைக்குள் இடம் போதாததால், அவை தாழ்வாரத்தில் வரிசையாக நின்று வேலை செய்தன. முதல் நொதி ஒரு மூலக்கூறுத் துண்டை எடுத்துக் கொடுக்கும். அடுத்தது இன்னொரு துண்டை அதில் ஒட்டி நகர்த்தும். இப்படிக் கைமாறிக் கடைசி நொதியிடம் வரும்போது பொருள் முழுமையாகிவிடும். நடந்து போகிறவர்கள் சற்று ஒதுங்கிப் போவார்கள்.

ஒருநாள் ஜெயசீலி என்பவர், இறந்துபோன கணவர் அருளப்பனின் சட்டையோடு வந்தார். வியர்வைக்கு வாசனை தருவது தோலில் வாழும் பாக்டீரியா என்று வானொலியில் கேட்டிருந்தாராம்.

"இதுல அவரு வாசனை கொறஞ்சுக்கிட்டே வருதும்மா. மறுபடி செஞ்சு குடுங்க."

வெளியிலிருந்து வரும் எதையும் முதலில் நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது அங்கே பழக்கம். இன்பவல்லி சட்டையையும் வைத்துவிட்டாள்.

"வெள்ளாவி வச்சிட்டியா?" என்றார் ஜெயசீலி.

"கைப்பழக்கத்துல செஞ்சிட்டேன்க்கா."

காலர் மடிப்பில் தப்பிய நொதிகள் தாழ்வாரத்துக்கு வந்து நின்றன. மூன்றாவது மட்டும் வரவில்லை. இரண்டாவது நொதி, பாதி செய்த வாசனையை வெற்றிடத்தை நோக்கி நீட்டியபடி நின்றது.

"அந்த எடத்துல என்ன வேலை?"

"வாங்கி, ஒரு தடவை திருப்பி, அடுத்ததுகிட்ட குடுக்கணும்."

"அவருக்கு எத்தனை தோசை திருப்பியிருப்பேன். தள்ளு."

முந்தானையைச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார். மதியத்துக்குள் தாழ்வாரத்தின் கோடியில் வாசனை எழுந்தது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த ஒருவரின் கழுத்து வாசனை. ஆனால் ஜெயசீலி நகர்ந்தால் வேலை நின்றுவிடும். அவர் நின்ற இடம்வரை அது எட்டவில்லை. இன்பவல்லி உள்ளங்கையில் பொத்தி எடுத்துப் போனாள். வழியிலேயே ஆவியாகிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கையை நிறுத்தாமல் கேட்டார்.

"கொஞ்சம் கோவக்கார வாசனைக்கா."

"அவருதான்."

போன மாதம் அந்த ஆய்வகத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன். மூன்றாவது இடத்தில் ஜெயசீலி நிற்கிறார். வரிசையின் கோடியில், அவரைப் பார்த்தபடி அந்தச் சட்டை மாட்டியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். முதுகுப்பக்கம் வியர்த்து நனைந்திருந்தது.