தினசரியும் பெட்டகமும்

தஞ்சாவூரில் கரண்ட் போனால் மற்றவர்களுக்கு வியர்க்கும்; இசைவாணிக்குப் போன் வரும். கூப்பிடுவது துரைராசு. ஜெக்கரியா பாய் நடத்திய அலுவலகத்தில் சாவி, டீ, டேப் மூன்றும் அவர் பொறுப்பு. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை அங்கே இருபது பெண்கள் டைப் அடிப்பார்கள். அதை நகலெடுத்து வைக்க, கேசட் மாதிரியான டேப்பில் பதியும், அச்சில் வார்த்தது போல் இரண்டு டேப் டிரைவ். இடது டிரைவின் டேப்பில் தினமும் பழையதை அழித்துப் புதிதாக எழுதலாம். வலது டிரைவின் டேப்பில் ஒரு வருஷ வேலை பத்திரமாக இருந்தது, அதைத் தொடக்கூடாது.

வினை எங்கே என்றால், அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் அணைந்து எழும்போதெல்லாம் முதலில் குரல் கொடுக்கிற டிரைவுக்குப் பூஜ்யம் என்றும் அடுத்ததற்கு ஒன்று என்றும் பேர் வைத்துவிடும். நேற்றைய பூஜ்யம் இன்றைக்கு ஒன்று. 2009-ல் யூ.பி.எஸ். அரை மணி தாங்கும், கரண்ட் இரண்டு மணி போகும். எது எது என்று சொல்ல, அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இசைவாணி வேண்டும். சொந்த அக்கா கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், மண்டபத்துக்கு வெளியே நின்று, "அண்ணே, பூஜ்யத்தை வாயைத் திறக்கச் சொல்லுங்க, எந்த டிரைவ் திறக்குதுன்னு பாருங்க" என்று போனில் கத்தியவள் அவள்.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. பூதலூரில் கூலிக்கு நாற்று நட்டு அவளைப் படிக்கவைத்த மருதையன், மகளின் பாஸ்போர்ட்டைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டார். ஆனால் வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதத்தைப் பாய் தரவில்லை; அது இல்லாமல் அங்கே சேர முடியாது.

"போகாதேன்னு சொல்லலைம்மா. பதினெட்டு வருஷம் துபாயில கிடந்தவன் நான், அப்படிச் சொல்லுவேனா? கரண்ட் போய் வரட்டும். உன்னைக் கூப்பிடாம துரைராசு தனியா டேப் ஓட்டட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இசைவாணி உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதினாள். மெஷினுக்குப் பின்னால் வயர் சொருகும் முதல் ஓட்டையில் இருப்பது தினசரி, இரண்டாவதில் இருப்பது பெட்டகம். எத்தனை முறை எழுந்தாலும் அதே பேர்தான். ஒரு வாரத்தில் ஆறு தடவை கரண்ட் போனது, ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஆயுத பூஜை முடிந்து செவ்வாய்க்கிழமை சோதனை என்று பாய் சொன்னார். அவள் அன்றைக்கே பெட்டி வாங்கிவிட்டாள்.

பூஜைக்குப் பொரிகடலை பாய் செலவு, மற்றதெல்லாம் துரைராசு. பக்தி மிகுந்த மனிதர், குறை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாய் யூ.பி.எஸ்.ஸையும் அணைத்து, மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினார். இசைவாணி வாயே திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். துரைராசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தினசரி தன் டேப்பை வெளியே தள்ள வேண்டும் என்று கட்டளை அடித்தார். வலது டிரைவ் வாயைத் திறந்தது. பழைய குருடி கதவைத் திறடி!

மேற்கொண்டு எழுதச் சொல்லியிருந்தால் ஒரு வருஷ வேலை போயிருக்கும். பாய் எழுதி வைத்திருந்த கடிதத்தை மேசை டிராயருக்குள் வைத்தார். இசைவாணி குனிந்து மெஷினுக்குப் பின்னால் பார்த்தாள். இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன.

"பூஜைக்கு வயரைக் கழட்டினீங்களா அண்ணே?"

"பின்னே, அழுக்கோடயா சாமி கும்புடுறது? எல்லாத்தையும் தொடச்சுத்தான் மாட்டினேன். ரெண்டு வயரு, ரெண்டு ஓட்டை. எது எதுல இருந்தா என்ன பாப்பா?"

அவரைத் திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். தப்பு அவளுடையது. ஓட்டைக்குப் பேர் வைத்தாளே ஒழிய டிரைவுக்கு வைக்கவில்லை. பூஜை வருஷா வருஷம் வரும், துரைராசும் துடைக்காமல் விடமாட்டார்.

ஒவ்வொரு டிரைவுக்கும் கம்பெனியிலேயே போட்ட சீரியல் நம்பர் உண்டு. எதில் மாட்டினாலும் கம்ப்யூட்டரிடம் அதே நம்பரைத்தான் சொல்லும். எது எந்த டிரைவின் நம்பர் என்று பார்க்கப் போனால், பின்பக்கம் நம்பர் ஒட்டிய ஸ்டிக்கர் மேலேயே ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள்.

"சாமி குத்தம்" என்று கண்ணை மூடிக்கொண்டார் துரைராசு.

"அடுத்த வருஷம் நெத்தியில வைங்கண்ணே. முதுகுல ஏன் வைக்கிறீங்க?"

விதியில் இரண்டே வரி மாறியது, ஓட்டைக்குப் பதில் நம்பர். இந்தத் தடவை பாய் தன் கையாலேயே வயர்களை மாற்றிச் சொருகி, சுவிட்சை இறக்கி ஏற்றினார். துரைராசு தினசரியைத் திறக்கச் சொன்னார், இடது டிரைவ் திறந்தது. மறுபடி மாற்றினார். மறுபடியும் இடதுதான். மூன்றாவது முறை கை போன இடம் டிராயர்.

"போய்ட்டு வாம்மா" என்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பூதலூரில் அவள் துணி அடுக்கும்போது கரண்ட் போனது. இரண்டு மணி நேரத்தில் வந்தது. போன் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, அரை மணியும் ஆயிற்று.

"என்னத்துக்கு அதையே பார்த்துக்கிட்டு இருக்க?" என்றார் மருதையன்.

பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டாள். "அண்ணே, அங்கயும் கரண்ட் வந்திருக்குமே. டேப்பு?"

"அது அப்பவே போட்டாச்சு பாப்பா, ஓடிக்கிட்டு இருக்கு. ஏதாவது அவசரமா? டீ ஆறுது." வைத்துவிட்டார்.

தான் கேட்ட விடுதலை கிடைத்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. போனை ஒரு தடவை பார்த்துவிட்டு, பெட்டியை மூடி அதன் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினாள்.