மாமரத்துக்கு ஜாமீன்

மாசி பிறந்துவிட்டால் தோட்டத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. தோட்டம் என்றதும் ஏக்கர் கணக்கில் நினைத்துவிட வேண்டாம். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம், அவ்வளவுதான். ஆனாலும் ரோஜாவில் காய்ந்த கொம்பை வெட்ட வேண்டும், மல்லிக்கு மண் கொத்தி எரு வைக்க வேண்டும், பாகல் விதை ஊன்ற வேண்டும், வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்கு அடியில் சருகு பரப்பி மூட வேண்டும். இருபது வருடமாக இதையெல்லாம் நான் ஒருத்திதான் செய்கிறேன். என் வீட்டுக்காரர் தில்லைநாதன் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தால் தூக்கம், எழுந்தால் டீ. செடி எது களை எது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் தோட்டத்துக்கும் நல்லதாக இருந்தது.

போன மார்கழியில் ரிட்டயர் ஆனார். ஒரு வாரம் டிவி பார்த்தார். எட்டாம் நாள் மண்வெட்டியோடு வந்து என் முன்னால் நின்றார்.

“தமிழு, என்னா வேலைன்னு சொல்லு. செய்றேன்.”

என் பெயர் தமிழ்ச்செல்வி. தமிழு என்று கூப்பிட்டால் மனுஷன் ஏதோ கெஞ்சுகிறார் என்று அர்த்தம். பாவமாகத்தான் இருந்தது. சருகு கூட்டச் சொன்னேன். கூட்டிக் கொளுத்திவிட்டு வந்து, “க்ளீன் பண்ணிட்டேன்” என்றார். அந்தச் சருகுக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர் காட்டுமன்னார்கோயில் பக்கம். வீராணம் தண்ணீரில் நெல் போடுகிற வம்சம். நான் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்காட்டில் பலாவோடும் முந்திரியோடும் வளர்ந்தவள். அவருக்குப் பயிர் என்றால் தண்ணீரில் நிற்க வேண்டும். எங்களுக்கு மரம் என்றால் கொஞ்சம் காய வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதை வைத்து ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்கிறோம். அந்தக் கிண்டல் மாமரத்தில் வந்து முடியும் என்று நினைக்கவில்லை.

மாமரம் வாசலை ஒட்டி நிற்கிறது. எங்கள் ஊர் மாங்கொட்டையை நானே ஊன்றி முளைக்க வைத்தது. எட்டு வருடமாகிறது, ஒரு பிஞ்சுகூட வைத்ததில்லை. என் மகன் ராஜ்கமல் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்குக் கார் வாங்கினான். ஊருக்கு வந்தால் அதைத் தெருவில்தான் நிறுத்துகிறான். ஒருமுறை யாரோ கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். பொங்கலுக்கு வந்தவன் வாசலை அளந்து பார்த்தான்.

“காய்க்காத மரத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ எடம்? வெட்டிட்டு ஷெட் போட்டுடலாம்.”

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் பிள்ளை என்ன நினைப்பானோ என்று, “இந்த வருஷம் பாரு. காய்க்கலன்னா சித்திரைல நீயே வெட்டிடு” என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் வேண்டுதல் வீண்போகவில்லை. மாசி முதல் வாரத்தில் மரம் பூத்தது. கொஞ்சநஞ்சமல்ல, இலையே தெரியாத அளவுக்குப் பூங்கொத்து. நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்திலிருந்து என் அக்கா அகிலாண்டம் போன் செய்தாள். கண் ஆபரேஷன், கூடமாட ஆள் வேண்டும் என்றாள். கீழவீதிப் பக்கத்தில் தனியாக இருப்பவள், போகாமல் முடியுமா? கிளம்பும்போது இவரிடம், “செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திடுங்க மாமா” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். பூத்திருக்கிற மாமரத்துக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிஞ்சு பட்டாணி அளவுக்கு வருகிறவரை எங்கள் பக்கத்தில் மரத்தடியில் கைகூடக் கழுவ மாட்டோம்.

நான்காம் நாள் அக்காவுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மாமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு. வயல் வரப்பேதான், அத்தனை நேர்த்தி. உள்ளே தண்ணீர் தளும்பி நிற்கிறது. கீழே எழுதியிருந்தார்: “டெய்லி ரெண்டு வேள தண்ணி கட்டுறேன். நீ கவலப்படாத.”

அக்காவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது, சிப்காட் தாண்டும்போது, வாய் ஓயாமல் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

வரப்பை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றினேன். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. பத்து நாளில் பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. கொம்பு கொம்பாகச் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“தமிழு, வந்து பாரு, எப்டி தழஞ்சிருக்கு.”

“தழஞ்சிருக்குதான் மாமா. காய்க்க வேண்டிய சத்தெல்லாம் எலையா போயிடுச்சு. உங்கள யாரு அதுக்குத் தண்ணி கட்டச் சொன்னது? என் மரத்தக் கொன்னுட்டீங்க.”

அவர் முகம் செத்துப்போனது. மண்வெட்டியைக் கொண்டுபோய் மோட்டார் ரூமில் வைத்தார். அதற்குப் பிறகு பங்குனி முழுக்கத் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. சன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் எனக்குக் கோபம், பிறகு பயம், கடைசியில் சோறு இறங்கவில்லை. மரம் போனால் போகட்டும், இந்த மனுஷன் பழையபடி வந்து ஏதாவது ஒரு செடியைக் கெடுக்கட்டும் என்றுகூட நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

ராஜ்கமல் போனில் கேட்டபோது, “பூ கொட்டிடுச்சுப்பா” என்று மட்டும் சொன்னேன். யாரால் என்று சொல்லவில்லை. கட்டினவரைப் பிள்ளையிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். கூடவே மரம் அறுக்கும் மெஷினோடு ஓர் ஆள். மரத்தை மேலும் கீழும் பார்த்தான்.

“சொன்ன மாதிரியே காய்க்கலம்மா. வெட்டிடலாம்ல?”

அந்த நேரத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. என் கடைசித் துருப்பு அதுதான்.

“வெட்டு. ஆனா மொறப்படி வெட்டு. எங்க ஊர்ல காய்க்காத மரத்த எடுத்த ஒடனே வெட்ட மாட்டாங்க. ஒருத்தர் அருவாள ஓங்கி மூணு தடவ கேப்பாங்க, வெட்டட்டுமான்னு. யாருனா ஜாமீன் நின்னா ஒரு வருஷம் வுட்டுடணும். நிக்கலன்னா வெட்டிக்க.”

“மரத்துக்கு ஜாமீனா?” என்று சிரித்தான். மெஷின்காரர் சிரிக்கவில்லை. “எங்க பக்கமும் உண்டு தம்பி. செஞ்சிட்டே வெட்டலாம். பாவம் வேணாம்” என்றார்.

தேங்காய் உரிக்கிற அரிவாளைக் கொடுத்தேன். ராஜ்கமல் விளையாட்டாக ஓங்கி, “ஏ மரமே, எட்டு வருஷமா சும்மா நிக்கற. வெட்டட்டுமா?” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“வாணாம்பா.”

இவர் எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை. நேராகப் போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். பிள்ளை எது சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறவர் இவர்.

ராஜ்கமல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“ரெண்டாவது தடவ. வெட்டட்டுமா?”

“வாணாம். அது பூத்துச்சு. மரம் நெறைய பூத்துச்சுப்பா. நான்தான் வரப்பு கட்டி, வயலுக்குக் கட்டுற மாதிரி தண்ணிய கட்டி, எல்லாத்தையும் கொட்ட வச்சுட்டேன். உங்கம்மா உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டா. தப்பு என்னுது, மரத்துது இல்ல.”

கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அடுப்பில் பால் பொங்கினால்கூட அடுப்பைக் குறை சொல்கிற மனுஷர். தப்பு என்னுது என்று இந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

ராஜ்கமல் மூன்றாவது தடவை கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை.

“அப்பா, அடுத்த வருஷமும் காய்க்கலன்னா?”

இவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எனக்கு மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா. அது செத்தா உங்கம்மா என்னா ஆவான்னு தெரியும். ரெண்டு மாசமா பாக்கறேன்.”

ராஜ்கமல் அரிவாளைக் கீழே வைத்தான். மெஷின்காரர் கேட்காமலேயே மெஷினை வண்டியில் ஏற்றினார். நான் போய் இவர் முதுகில் ஒட்டியிருந்த பட்டைத்தூளைத் தட்டிவிட்டேன். ரெண்டு மாசமா பார்த்தாராம். மரத்துக்காக இல்லை, அவருக்காகத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை.