இறந்தோர் பட்டியலில் ஸர்மினா

1

இந்தக் கதை ஒரு சட்ட மசோதாவிலிருந்து பிறந்தது, கண்ணுகளா. ஏதென்ஸில் இன்னும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. துருக்கி எல்லையில் ஓடும் எவ்ரோஸ் ஆற்றைத் தாண்டி வந்தவரைப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், தவறினால் சிறை. இது நான்காம் பக்கம். வந்தவருக்கு உலர்ந்த துணியும் உணவும் தந்து காக்க வேண்டும். இது ஒன்பதாம் பக்கம். இடையில் உள்ள பக்கங்களில்தான் எங்கள் ஊர் குடியிருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: 'ஆற்றின் மேல் பனிமூட்டம்...' வேண்டாம். பனிமூட்டத்தில் ஆரம்பித்தால் யாராவது சாகவேண்டி வரும்.

தொடக்கம் இரண்டு: ஆன்மாக்களின் சனிக்கிழமை, காலை. தேவாலயத்தில் பொலிக்செனி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்வை மங்கிய கிழவிகளுக்கு, அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதித் தருவது அவள் வேலை. பாதிரியார் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். பிறகு எல்லாருக்கும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை.

வரிசையில் முக்காடு போட்ட இன்னொருத்தி வந்தாள். பொலிக்செனி நிமிராமல் பேனாவை ஆட்டினாள்.

"பேரைச் சொல்லுடி, சீக்கிரம்!"

"ஸர்மினா."

சீட்டு பாதிரியார் கைக்குப் போன பிறகுதான் பொலிக்செனி அவள் கால்களைப் பார்த்தாள். ஷூவிலிருந்து ஆற்றுநீர் கசிந்தது.

(அகதிப் பதிவு வரிசை என்று நினைத்து ஸர்மினா தன் பேரையே சொல்லிவிட்டாள், பாவம். பாதிரியாரும் அவள் ஆன்மா சாந்தியடைய மனமுருகி ஜெபித்துவிட்டார்.)

3

பொலிக்செனியின் தங்கை மகன் ஸ்டெர்யோஸ் எல்லைக் காவலன். (அவனைக் கெட்டவனாக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் கோதுமைக்குக் கை நீட்டிவிட்டான்.)

"பெரியம்மா, உன் பக்கத்துல யாரு அது?"

"இப்பதானே அவளுக்கு ஜெபம் பண்ணாங்க? செத்துப்போனவடா."

"செத்தவ கோதுமை திங்கிறாளே!"

"பசிச்சிருக்கும். உங்க மசோதாவுல செத்தவங்களைப் பத்தி ஏதாச்சும் இருக்கா?"

"விளையாடாத. ரோந்து வண்டியைக் கூப்பிடலைன்னா என் வேலை போயிடும்."

"கூப்பிட்டா அவ போயிடுவா. எங்கன்னு சொல்லு பாப்போம்."

ஸ்டெர்யோஸ் கோதுமையைக் கீழே வைத்தான். தொலைபேசியை எடுத்தான். விரலெல்லாம் சர்க்கரை.

4

முடிவு அ: கூப்பிடுகிறான். முதலில் ஒரு மருத்துவர் வருகிறார். (என் ஆசை. நம்பாதீர்கள்.)

முடிவு ஆ: கூப்பிடவில்லை. அவள் பொலிக்செனி வீட்டில் தூங்குகிறாள், ஒரு வாரம், பிறகு...

முடிவு இ: கூப்பிடுகிறான். வண்டி அவளை முகாமுக்குப் பதிலாக மறுபடி ஆற்றங்கரைக்கு [இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.]

இதுவரைதான் என்னால் கொண்டுவர முடிந்தது: பொலிக்செனி தன் காலுறைகளைக் கழற்றி ஸர்மினாவுக்கு மாட்டிவிடுகிறாள். ஸ்டெர்யோஸ் விரலைத் துடைத்துக்கொண்டே நிற்கிறான். அவளை நீங்களும் பார்த்துவிட்டீர்கள், கண்ணுகளா. இப்போது மணி ஒன்பதே கால். பத்தே கால் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.