ஐந்து நூற்றாண்டும் ஓர் இசைக்கவையும்

டாக்டர் ஹலந்தோனிக்குக் கடவுள் மற்றதையெல்லாம் அளந்து கொடுத்துவிட்டுக் காதை மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டார். இது அவருடைய சொந்தக் கருத்து. எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல் சுருதியைச் சரியாகப் பிடித்துவிடுவாராம். இலோயிலோ நகரில் எங்கள் பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவை அவர் பன்னிரண்டு வருடமாக மேய்க்கிறார். அதில் கடைசி நான்கு வருடம் அந்தக் காதுக்குப் பின்னால் இருந்தது என் இசைக்கவை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதை முழங்காலில் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டு, சுருதியை முணுமுணுப்பது என் வேலை. அதற்குப் பிறகுதான் அவர் காது விழித்துக்கொள்ளும்.

இந்த வருட நிகழ்ச்சிக்கு 'ஒரே மூச்சில் ஐந்து நூற்றாண்டு' என்று பெயர் வைத்தார். பதினாறாம் நூற்றாண்டு தேவாலயப் பாட்டில் தொடங்கி, எங்கள் ஊர்த் தாலாட்டில் முடிய வேண்டும். நடுவில் நிறுத்தம் கிடையாது, கைதட்டலும் கூடாது.

"ஜோவெலின், அந்த இரும்புத் துண்ட நாளைக்குக் கொண்டு வராத. நடுவுல டிங்குன்னு தட்டுனா மூச்சு அறுந்துபோயிடும். நான் இருக்கேன்ல?" என்றார்.

"கடைசிப் பாட்டுலதான சார் பியானோ வருது? அதுக்குள்ள சுருதி எறங்கிடுச்சுன்னா?"

"என் காது இருக்கிற எடத்துல சுருதி எறங்குமா?"

இறங்கும். பக்கவாத்தியம் இல்லாமல் முப்பத்திரண்டு பேர் அரை மணி நேரம் பாடினால், செருப்பு தேய்வதுபோல் யாருக்கும் தெரியாமல் அது இறங்கும். அதற்குமேல் வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை. ஏப்ரலில் ஸ்பெயினில் போட்டி. இருபத்து நான்கு பேருக்குத்தான் இடம். யார் யார் என்று நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வாசிப்பார். எனக்கு இது கடைசி வருடம். குளியலறையில் நின்று ஸ்பானிஷில் நன்றி சொல்லிப் பழகும் அளவுக்கு எனக்கு ஆசை முற்றியிருந்தது.

உடை மாற்ற நேரமில்லையென்று ஐந்து நூற்றாண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக எங்களுக்கு மாட்டிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, கேக்குக்கு அடியில் விரிக்கும் பூவேலைக் காகிதத்தில் செய்த கழுத்துப்பட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் அன்னாசி நார்ச் சட்டை. ஒரு நூற்றாண்டு முடிந்ததும் ஒன்றைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ள வேண்டும்.

"வெங்காயம் மாதிரி உரிக்கச் சொல்றாரு. கடைசியில உள்ள ஒண்ணும் இருக்காதுடி," என்றாள் பக்கத்து நாற்காலி ரோவெனா.

நாங்கள் நின்று பாடுவதில்லை. அரைவட்டமாக உட்கார்ந்து பாடுவோம். அவரும் எங்களோடு இடது ஓரத்தில் உட்கார்ந்து, கையை ஆட்டாமல் புருவத்தால் நடத்துவார். வலது பக்கம் பியானோவில் துணைவேந்தரின் மனைவி மேடம் பெர்பெத்துவா. கடைசிப் பாட்டுக்கு மட்டும் வாசிக்க ஒப்புக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

முதல் நூற்றாண்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாவதில் ஒருவனின் பஞ்சில் செய்த பொய்முடி மடியில் விழ, அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே பாடினான். நான்காவதில் கீழ்க்குரல்காரர்கள் கிணற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். டாக்டரின் புருவம் மட்டும் ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தது.

தாலாட்டின் முதல் அடி என்னுடையது. மற்றவர்கள் வாயை மூடி ரீங்கரிக்க, நான் தனியாகப் பாட வேண்டும். இரண்டாம் அடியில் பியானோ சேரும். டாக்டர் கண்ணை மூடி, வானத்திலிருந்து இறக்கியதுபோல் ஒரு சுருதியைக் கொடுத்தார். குழு ரீங்கரிக்கத் தொடங்கியது.

அவர் பேச்சைக் கேட்டு இசைக்கவையை வீட்டில் வைத்துவிட்டு வரும் அளவுக்கு நான் நல்ல பெண் இல்லை. அன்னாசி நார்ச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தேன். டாக்டர் ஒரு முழு சுரம் கீழே இருந்தார்.

அவர் சுருதியில் பாடினால் பியானோ வரும்போது தாலாட்டு நாறிப்போகும். சரியான சுருதியில் பாடினால் அவர் காது நாறிப்போகும், என் ஸ்பெயினும் போகும். அரங்கிலிருந்த அத்தனை பேரும் அந்தத் தாலாட்டில் தூங்கி வளர்ந்தவர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சரியான சுருதியில் பாடினேன்.

பத்து வினாடி நரகம்தான். மேலே நான், கீழே முப்பத்தொரு பேர், நடுவில் தகரம் கிழிபடும் சத்தம். டாக்டரின் புருவம் உச்சந்தலை வரை ஏறியது. முதலில் ரோவெனா என் சுருதிக்கு ஏறி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். மேடம் பியானோவைத் தொட்டபோது ஒரு பிசிறு இல்லை.

அரங்கமே எழுந்து நின்றது. தலைமை விருந்தினர், ஓய்வுபெற்ற பேராசிரியர், மேடைக்கே ஓடி வந்தார்.

"அந்தப் பத்து வினாடி! பழசும் புதுசும் முட்டிக்கிற எடம்! எனக்குப் புல்லரிச்சுப்போச்சு டாக்டர். உங்க யோசனைதானே?"

டாக்டர் தலையைத் தாழ்த்தினார். "பல வருஷ உழைப்பு சார்."

ஒப்பனை அறையில் பன்சித் நூடுல்ஸ் தட்டுகளோடு சூழ்ந்து நின்றோம். டாக்டர் பட்டியலை விரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்து, மேலே வேறொன்றை எழுதினார். பிறகுதான் வாசித்தார். இருபத்து நான்கில் நான் இல்லை. தாலாட்டைத் தனியாகப் பாடப்போவது ரோவெனா. அழுகை வந்தது. நூடுல்ஸை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. குழுவுன்னா ஒத்துப்போற குணம் வேணும். அப்புறம்... அந்த முட்டிக்கிற எடத்த அங்கயும் அப்படியே செய்யணும். கவைய ரோவெனாகிட்டக் குடுத்துடு."

"இரும்புத் துண்டுதானே சார்? உங்க காது இருக்கிற எடத்துல அது எதுக்கு?" என்றேன், சத்தமாகவே.

எல்லோரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள். ரோவெனா வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் எந்தச் சுருதியில சார் தொடங்கணும்?" என்றாள்.

இத்தனை பேர் பார்க்கும்போது அவர் வேறென்ன செய்வார்? கண்ணை மூடி ஒரு சுருதியைக் கொடுத்தார். நான் கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தேன். அறையே என் முகத்தைப் பார்த்தது, அவர் உட்பட.

கவையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு கீழே என்று நான் சொல்லவில்லை.